பாம்பணை ஊரில் ஒரு நாற்காலிப் பஞ்சாயத்து

சென்ற இதழில், நாற்காலி, கட்டில், ஸ்டூல் என்று வீட்டுச் சாமான்களைக் கலைக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் சமகாலக் கலைஞர்களை ஒரு பிடி பிடித்திருந்தார் கட்டுரையாளர். கோபத்தில் எழுதும் கட்டுரைக்கு ஒரு வேகம் உண்டு, இதற்கும் இருந்தது. வேகத்தில் அவர் தாண்டிப் போன இடங்களைத் திரும்பிப் போய்ப் பார்ப்பதுதான் இந்த எதிர்வினை.

அவர் வாதம் இது. மரச்சாமான் புழங்குவதற்கு, பார்ப்பதற்கு அல்ல. அதைத் தூக்கி நிறுத்திக் கலை என்று காட்டுவது மேல்நாட்டுக்காரன் கிளப்பிவிட்ட புரளி. நம் மரபுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தச்சன் செய்த பொருளில் தன் பெயரை ஒட்டிக்கொள்ளும் திருட்டு. யார் வேண்டுமானாலும் செய்யலாம். இதற்கெல்லாம் பிளேட்டோவையும் ஆனந்த குமாரசுவாமியையும் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். கடைசியாகத் தம் யோக்கியதாம்சமாக, ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் தாத்தா வீட்டு ஊஞ்சலில் வளர்ந்தவன் நான் என்று ஒரு முத்திரை வேறு.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்துவிட்டு இப்படி எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஏழு பிரகாரங்களும் ஒரு படுக்கையைச் சுற்றி எழுந்த ஊர் அது. உள்ளே கிடப்பவர் சுதையால் ஆனவர். அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். சுதையில் பெருமாளைச் செய்தவன் பாம்பணையையும் சேர்த்தேதான் செய்தான். படுக்கையை எடுத்துவிட்டால் பள்ளிகொண்ட பெருமாள் ஏது? பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் ஒரு பாட்டில் இந்த ஆதிசேஷனைப் பார்க்கிறார். ஆசனம், மெத்தை, திண்டு, குடை, பாதுகை, விளக்கு, பட்டு என்று ஒரு வீட்டுச் சாமான் பட்டியலையே அந்த ஒற்றைப் பாம்பின் மேல் ஏற்றிவிடுகிறார். பக்தி என்ற பெரிய விஷயத்தைச் சொல்ல ஆழ்வாருக்குக் கை கொடுத்தது வீட்டில் கிடக்கும் பொருள்கள்தான்.

அதே ஊரில் வேதாந்த தேசிகர் ஒரு ஜோடி பாதுகைக்கு 1008 சுலோகம் எழுதினார். ஒரே இரவில் எழுதியதாக மரபு சொல்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் ஊஞ்சலுக்கென்றே ‘சீரங்கநாயகர் ஊசல்’ என்று ஒரு பிரபந்தம் பாடினார். ஊசல் என்பது தமிழில் ஒரு தனி இலக்கிய வகை. கால், விட்டம், கயிறு, பலகை என்று ஊஞ்சலின் உறுப்பு ஒவ்வொன்றையும் வர்ணிப்பது அதன் இலக்கணத்திலேயே உண்டு. மாணிக்கவாசகரின் பொன்னூசலிலும் பவளக் காலும் முத்துக் கயிறும் பொற்பலகையும் இருக்கின்றன. ஐப்பசியில் ஒன்பது நாள் நம்பெருமாளுக்கு ஊஞ்சல் உற்சவம். அதைப் பார்த்து வளர்ந்தவர், மரச்சாமானைப் பார்ப்பது நம் வழக்கமில்லை என்கிறார்! கண்ணைத் திறந்துகொண்டு வளர்ந்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

அதெல்லாம் தெய்வத்தின் படுக்கை, தெய்வத்தின் ஊஞ்சல் என்று அவர் சொல்லக்கூடும். சரி, தெய்வத்தை விடுவோம். நெடுநல்வாடைக்கு வருவோம்.

188 அடி கொண்ட அந்தப் பாட்டில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு ஒதுக்கிய இடத்தைப் பாருங்கள். போரில் பட்ட யானையின் தந்தம். அந்த யானைக்கு வயது நாற்பது என்பது வரை சொல்கிறார். தந்தத்தைக் கூரிய உளியால் இலை இலையாகச் செதுக்கிய கைதேர்ந்த தச்சன் பாட்டுக்குள்ளேயே வருகிறான். கால்களின் திரட்சியை எதனோடு ஒப்பிடுவது என்று தேடிப் பூண்டு வரைக்கும் போகிறார் புலவர். மேலே விதானத்தில் சந்திரனும் ரோகிணியும். மெத்தையில் அன்னத்தின் தூவி. இத்தனையும் அடுக்கிவிட்டு, அதன்மேல் ஒருத்தியைத் தனியாகக் கிடத்துகிறார். அவள் புருஷன் பாசறையில், காயம்பட்ட வீரர்களையும் யானைகளையும் பார்த்துக்கொண்டு தூங்காமல் நடக்கிறான். ஒரு யுத்தத்தில் செத்த யானையின் கொம்பில் செய்த கட்டில். இன்னொரு யுத்தத்தால் பாதி காலியாகக் கிடக்கும் கட்டில். அந்தக் காலிப் பாதியைத்தான் நக்கீரர் எழுதியிருக்கிறார். கட்டிலை வெறும் ஜோடனை என்று படித்தவர்கள் பாட்டையே படிக்கவில்லை.

இதைச் சொல்வதால் நக்கீரர்தான் உலகின் முதல் நிர்மாணக் கலைஞர் என்று நான் கொடி பிடிப்பதாக நினைக்க வேண்டாம். எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்கிற வியாதி எனக்கு இல்லை. மரபில் இல்லை என்று அடித்துச் சொன்னாரே, அந்த ஒரு பொய்க்கு இது பதில், அவ்வளவுதான். தச்சனின் பெயரைத் திருடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. தச்சனைப் பாட்டுக்குள் நிறுத்தி வைத்தவன் கட்டிலைப் பார்த்த கலைஞன். கட்டிலில் படுத்தவர்கள் எத்தனை பேர் தச்சனை நினைத்தார்கள்?

பிளேட்டோவை அழைத்ததுதான் கட்டுரையின் உச்சக்கட்டம். ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே கட்டில். கட்டிலின் மூல வடிவம் கடவுளுடையது. அதைப் பார்த்துத் தச்சன் செய்த கட்டில் இரண்டாவது. அதைப் பார்த்து ஓவியன் வரைந்த கட்டில் மூன்றாவது. உண்மையிலிருந்து ரொம்பத் தள்ளி நிற்பது. பார்த்தீர்களா, பிளேட்டோவே சொல்லிவிட்டார் என்று கட்டுரையாளர் பூரிக்கிறார். ஐயா, பிளேட்டோ ஏசியது கட்டிலை வரைந்தவனை. லண்டன் கலைஞர் டிரேசி எமின் 1998-இல் கட்டிலை வரையவில்லை. தான் கிடந்த கட்டிலையே, கசங்கிய விரிப்பு, காலி பாட்டில், செருப்பு சகிதம் கொண்டுவந்து வைத்தார். பிளேட்டோவின் கணக்குப்படி இது மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏற்றம்! உங்கள் சாட்சி எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் பேசிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிளேட்டோ சொன்னதை நிஜமாகவே ஏற்பதென்றால் முதலில் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியவை ரவிவர்மாவின் படங்களும் சில்பியின் கோயில் ஓவியங்களும்தான். அவை வேண்டும், கட்டில் மட்டும் வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் தத்துவம் இல்லை, விருப்பு வெறுப்பு.

எமினின் கட்டில் 2014-இல் 25 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனதை ஏதோ குற்றப்பத்திரிகை போல வாசித்திருக்கிறார். எனக்கும் அந்தக் கட்டிலின் மேல் பெரிய மோகம் கிடையாது. ஆனால் விலை அதிகம் என்பது ஏலக் கம்பெனிக்காரரிடம் எழுப்ப வேண்டிய கேள்வி. நடராஜர் சிலை கடத்தல் சந்தையில் கோடிகளுக்குப் போவதால் நடராஜர் போலி ஆகிவிடுவாரா?

அடுத்த சாட்சி குமாரசுவாமி. பொருள்கள் பயன்பாட்டுக்கு உரியவை, அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்து வேடிக்கை பார்ப்பது நாகரிகத்தின் நோய் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறார். குமாரசுவாமி கலைக்கும் புழங்கு பொருளுக்கும் நடுவில் சுவர் எழுப்புவதை எதிர்த்தவர். கொழும்பில் பிறந்து, இலங்கையின் கைவினைகளைப் பற்றி 1908-லேயே பெரும் நூல் எழுதியவருக்குப் பெட்டியும் பாயும் பூட்டும் சாவியும் கலைக்கு வெளியே கிடப்பவை அல்ல. நாற்காலி தனி, கலை தனி என்று கோடு கிழிக்கும் கட்டுரைக்கு அவரைத் துணைக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். கண்ணாடிக்குள் வைப்பது நோய் என்றால், அதே குமாரசுவாமி 1917 முதல் 1947-இல் சாகும்வரை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் என்ன வேலை பார்த்தார் என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கோடு யார் கிழித்தது என்று பார்த்தால் கதை இன்னும் ருசிக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி ‘தொழிற்கலைப் பள்ளி’ என்ற பெயரில்தான் வளர்ந்தது. மரவேலையும் மண்வேலையும் உலோக வேலையும் அங்கே படமெழுதுவதோடு சேர்ந்தே இருந்தன. 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்த பிறகு ஓவியமும் சிற்பமும் மேலேறி, கைத்தொழில் பின்னுக்குப் போயிற்று. ஓவியன் மேல், தச்சன் கீழ் என்ற ஏற்பாடு நம் ஊருக்கு வந்த வரலாறு அது. கட்டுரையாளர் எதை நம் மரபு என்று மார்தட்டுகிறாரோ அது கப்பலில் வந்த சரக்கு. எதை இறக்குமதி என்று திட்டுகிறாரோ அது இங்கே ஏற்கெனவே புழங்கியது. சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் 1966-இல் குடியேறிய ஓவியர்கள் பாடிக் முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்றுத்தான் அடுப்பெரித்தார்கள். அவர்களுக்கு அதில் அவமானம் இருக்கவில்லை.

இனி, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது. ஜோசப் கோசுத் 1965-இல் ஒரு நாற்காலி, அதன் புகைப்படம், அகராதியில் நாற்காலிக்கு உள்ள விளக்கம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கட்டுரையாளர் இதை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு பத்தி சிரித்திருக்கிறார். சிரிக்கட்டும். எனக்கும் அது வகுப்பறைப் பாடமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு துறையின் வறண்ட உதாரணத்தைக் காட்டித் துறையையே ஒழிக்கலாம் என்றால் தமிழ்க் கவிதை எப்போதோ ஒழிந்திருக்க வேண்டும்.

சிரிக்க முடியாத நாற்காலிகளும் இருக்கின்றன. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1985 நவம்பர் 6-ஆம் தேதி நீதிமன்ற மாளிகையைக் கெரில்லாக்கள் பிடித்தார்கள். ராணுவம் திரும்பப் பிடித்தது. இரண்டு நாளில் நூறு பேர் அளவில் செத்தார்கள். பதினேழு ஆண்டு கழித்து, 2002-இல் அதே தேதியில், அதே இடத்தில் புதிதாகக் கட்டிய மாளிகையின் கூரையிலிருந்து கலைஞர் டோரிஸ் சல்செடோ காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாக வெளிச்சுவரில் இறக்கினார். 280 நாற்காலி, 53 மணி நேரம். மேடை கிடையாது, பேச்சு கிடையாது. தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நாற்காலிகளுக்குப் பதில் செத்தவர்களின் படத்தை வரைந்து மாட்டியிருந்தால் அது அஞ்சலிக் கூட்டம். உட்கார ஆள் இல்லாத நாற்காலி வேறொன்றைச் செய்கிறது. இது நமக்குப் புரியாத மொழியா என்ன? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் அமராவதிச் சிற்பங்களைப் பாருங்கள். புத்தர் இருக்க வேண்டிய இடத்தில் காலி ஆசனம்; கீழே பாதச்சுவடு. சுற்றி நிற்பவர்கள் அந்தக் காலி இடத்தைக் கும்பிடுகிறார்கள். பரதன் பாதுகையை ஏற்றி வைத்த அரியணையும் ஆள் இல்லாத ஆசனம்தான்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் போரில் இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். அந்தப் படங்களைக் கொண்டு 2011-இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்று ஒரு நூல் வந்தது. எங்கே அறை, எங்கே கிணறு, எங்கே வாசல் என்று கை நடுங்க இழுத்த கோடுகள். இதையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்ல அவருக்கு மனம் வருமா? வரலாம். வீடு இழக்காதவருக்குத் தரைப்படம் வெறும் தரைப்படம்.

சரி, அவருடைய ஊஞ்சலுக்கு வருகிறேன். உத்தர வீதி வீடு அடுக்குமாடி ஆனபோது ஊஞ்சலை ஒரு விடுதிக்காரர் வாங்கிப் போனாராம். இப்போது அது வரவேற்புக் கூடத்தில், சங்கிலி பளபளக்க, உட்காராதீர்கள் என்ற அட்டையோடு தொங்குகிறதாம். பாரம்பரியம் காப்பாற்றப்பட்டது என்று நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். உட்காரக் கூடாத ஊஞ்சல் ஐயா! புழங்கு பொருளைப் புழங்கவிடாமல் நிறுத்திப் பார்வைக்கு வைப்பதுதான் குற்றமென்று நான்கு பக்கம் எழுதியவர் நீங்கள். விடுதியில் வைத்தால் பாரம்பரியம், கலைக்கூடத்தில் வைத்தால் புரளியா? ஒரே ஒரு வித்தியாசம் சொல்லலாம்: விடுதி ஊஞ்சல் யாரையும் எதையும் கேட்பதில்லை. ஒரு கலைஞர் கையில் அது கிடைத்திருந்தால் கேட்டிருக்கும். தாத்தாவின் எண்ணெய்த் தலை பட்டுக் கறுத்த அந்தப் பலகை முனையைத் தேய்த்து மெருகு ஏற்றாமல் அப்படியே விட்டிருப்பார். தாத்தா மத்தியானம் படுத்த அந்தப் பலகையில் பாட்டி எந்த வேளையில் உட்கார்ந்தாள்? உட்கார்ந்தாளா? வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனவர்கள் யார் யார்? கட்டுரையாளருக்கு ஊஞ்சலின் கீச்சொலி ஞாபகம் இருக்கிறது. நின்றவர்கள் ஞாபகத்தில் இல்லை.

இவர் பார்வையின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. நாற்காலியை அப்பாவிப் பொருள் என்று நம்புகிறார். தமிழ்நாட்டில் நாற்காலி எந்தக் காலத்திலும் அப்பாவி இல்லை. கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதையில், ஊரில் யார் செத்தாலும் பிணத்தை உட்கார்த்த ஒரு வீட்டு நாற்காலியைத்தான் கேட்டு வருகிறார்கள். பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அதில் உட்காரத் துணிவதில்லை. சமகாலக் கலை என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாத கரிசல் வீடு ஒரு நாற்காலியைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொண்டது. முரசுகட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிய மோசிகீரனாரைச் சேரமான் வெட்டாமல் விசிறினான் என்று புறநானூற்றைக் கொண்டாடுகிறோம். படுக்கக் கூடாத கட்டிலில் படுத்தால் வாள் உண்டு என்பதுதான் அங்கே வழக்கம், விசிறியது விதிவிலக்கு.

அது பழைய கதை என்பீர்களானால், 2020-க்கு வாருங்கள். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தில் பலரும் நாற்காலியில். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான தலித் பெண் தரையில். அந்தப் புகைப்படம் நாடு முழுக்கச் சுற்றியது. அதில் யார் முகத்திலும் கோபம் தேட வேண்டியதில்லை, யாரும் கை ஓங்கவில்லை. நாற்காலிகளும் தரையும் போதுமாக இருந்தன. அந்தப் படத்தின் கருப்பொருள் என்னவென்று கட்டுரையாளரைக் கேட்கிறேன். மரச்சாமானில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று இந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு ஒரு தடவை சொல்லட்டும்.

தொலைதூரம் போக வேண்டாம். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டினால் திருச்சி. மலைக்கோட்டை அடிவாரத்தில் என்.எஸ்.பி. ரோடு. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து, புடவையைப் பார்க்காமல் புடவை காட்டும் பெண்ணின் காலைப் பாருங்கள். ஒரு காலில் நின்றுகொண்டு மற்றக் காலின் குதியைப் பின்னாலுள்ள அலமாரித் தட்டில் முட்டுக் கொடுத்திருப்பாள். கால் மணிக்கு ஒரு தரம் கால் மாற்றுவாள். வாடிக்கையாளருக்குக் குஷன் போட்ட ஸ்டூல் உண்டு. அவளுக்குக் கிடையாது. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. கடைக்காரர் இருக்கை போட்டாக வேண்டும் என்று எழுத ஒரு சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. வாங்கிப் போட்டால் சில நூறு ரூபாய்க்கு முடிகிற பிளாஸ்டிக் ஸ்டூல்!

அந்த ஸ்டூலை ஒரு கலைஞர் எடுத்துக்கொண்டுபோய் திருச்சி ராணி மங்கம்மாள் தர்பார் மண்டபத்தின் நடுவில் வைத்தால் நம் கட்டுரையாளர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். இதில் கைத்திறன் எங்கே என்பார். ராஜா உட்காரவும் மற்றவர்கள் நிற்கவும் கட்டிய மண்டபத்தில், நாள் முழுக்க நிற்பவளின் ஸ்டூல் காலியாகக் கிடக்கிறது என்பது அவர் கண்ணில் படாது.

தச்சனின் உழைப்புக்காக உருகியவர், நிற்பவளின் உழைப்புக்காகவும் ஒரு பத்தி எழுதியிருந்தால் அவர் கோபத்தை நான் மதித்திருப்பேன். அவருக்குக் கலைக்கூடத்துக் காலி நாற்காலி உறுத்துகிறது. கடையில் இல்லாத ஸ்டூல் உறுத்தவில்லை. இதை ரசனை என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது கவுண்டருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். இருக்கை இல்லையென்றால் முதலாளியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் தொழிலாளர் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது.